பாறசாலை முதல் பூவாறு வரை: சைக்கிளில் ஓர் எல்லை உலா

சென்ற ஓணம் விடுமுறையில் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பேத்தி, வயது 13, என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, கேரளா எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது? காரில் போகும்போது நான் தூங்கிவிடுகிறேன், பார்க்கவே முடிவதில்லை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சற்று வருத்தமும் வந்தது. என் தகப்பனார் ஊர் பாறசாலைக்குப் பக்கம். என் தாயார் ஊர் விளவங்கோடு தாலுகாவில், களியக்காவிளைக்குப் பக்கம். இரண்டுக்கும் இடையே 6 கிலோமீட்டர் கூட இல்லை. அந்த 6 கிலோமீட்டரை என் பேத்தி பத்து முறையாவது கடந்திருப்பாள். கண்ணாடி ஏற்றிய காரில், குளிர்காற்றில், தூங்கிக்கொண்டு.

"சரி, இந்த முறை தூங்க முடியாத வண்டியில் போவோம்" என்றேன். அப்படிச் சைக்கிளில் போய்வந்த ஒரு நாள் பயணத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை. திருவனந்தபுரத்திலும் அதற்கு வடக்கேயும் குடியேறியிருக்கும் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த எல்லைப் பக்கத்தில் ஒரு வேராவது இருக்கும். அவர்களும் இப்படிப் போய்வரலாம் என்ற ஆசையில், வழி, ஏற்ற இறக்கம், வண்டி, எச்சரிக்கை ஆகிய எல்லாவற்றையும் எழுதுகிறேன். ரயில்வேயில் பாதை போட்டும் பராமரித்தும் காலம் கழித்தவன் என்பதால் கணக்கு கொஞ்சம் கூடுதலாக வரும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்ஸ் தேசத்தார் செய்வது

காரைத் தொடாமல், சைக்கிளிலேயே கிராமம் கிராமமாகச் சுற்றிப் பார்ப்பது ஐரோப்பாவில் பெரிய வழக்கம். அதிலும் பிரான்ஸ் தேசம் இதில் முன்னோடி. 1936ஆம் ஆண்டில் அங்கே தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாக்கப்பட்டது. அதுவரை தங்கள் ஊர் எல்லையைத் தாண்டாத ஆலைத் தொழிலாளர்கள், கணவனும் மனைவியுமாக இருவர் மிதிக்கும் சைக்கிளில் ஏறிக் கடலைப் பார்க்கப் புறப்பட்டார்கள். விடுமுறைக்குப் போகும் தொழிலாளருக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகையும் தரப்பட்டது. ரயிலும் சைக்கிளும் சேர்ந்துதான் ஏழைக்கு ஊர் காட்டின என்பதை ஒரு ரயில்வேக்காரனாக நான் பெருமையுடன் சொல்லிக்கொள்வேன்.

இன்று அங்கே சைக்கிளுக்கென்றே பாதைகள் இருக்கின்றன. லுவார் ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதை மட்டும் சுமார் 900 கிலோமீட்டர். இவற்றில் பெரும்பாலானவை எங்கே அமைந்துள்ளன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றங்கரைகளிலும், பழைய கால்வாய்க் கரைகளிலும், ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட பழைய தண்டவாளப் பாதைகளிலும் அமைந்துள்ளன. காரணம் எளிது. தண்ணீருக்கும் ரயிலுக்கும் மேடு பிடிக்காது. கால்வாய் வெட்டுபவன் சில கிலோமீட்டருக்கு ஓரிரு அடிதான் சரிவு விடுவான். ரயில் பாதை போடுபவன் 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்தாலே தலையைச் சொறிவான். எனவே அவர்கள் போன வழியில் மிதிப்பவனுக்கு மூச்சு வாங்காது. இந்த ஒரு ரகசியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் நம் பக்கத்திலும் நல்ல வழி கண்டுபிடிக்கலாம்.

விளையும் ஏலாவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி மலையும் அல்ல, சமவெளியும் அல்ல. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கொண்ட சிறு குன்றுகள். ஒவ்வொரு இரண்டு குன்றுக்கும் நடுவே ஒரு பள்ளமான வயல்வெளி. இந்த வயல்வெளியை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் "ஏலா" என்றே சொல்கிறோம். மேட்டுத் தோட்டத்துக்குப் பெயர் "விளை". ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை. முதலிரண்டும் கேரளத்தில், மூன்றாவது தமிழ்நாட்டில். பெயர் வைத்தவர்கள் மாநிலம் பார்த்து வைக்கவில்லை, மண்ணைப் பார்த்து வைத்தார்கள்.

சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு பயன் உண்டு. விளை என்று முடியும் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஏற்றம் ஒன்று காத்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கரை என்றோ குளங்கரை என்றோ முடிந்தால் தண்ணீர் அருகில், பாதை சமமாக இருக்க வாய்ப்பு. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. ஆனால் என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பொருந்தியது.

ஏலாவிலிருந்து விளைக்கு ஏறும் உள்ளூர்த் தெருக்களில் 20 அடிக்கு 1 அடி ஏற்றம் சாதாரணம். நீளம் குறைவுதான், 200 மீட்டர், 300 மீட்டர். ஆனால் திரும்பத் திரும்ப வரும். இங்கேதான் வண்டியின் கணக்கு தேவைப்படுகிறது.

நம் பழைய 28 அங்குலச் சைக்கிளில் முன் சக்கரப் பல் 44, பின் பல் 18 என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். சமதரையில் இது நன்று. நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றினால் மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகம் வரும். ஆனால் 20க்கு 1 ஏற்றத்தில் சாதாரண மனிதரால் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் ஏற முடியும். அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 18, 19 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் ஏற்றி இறக்க வேண்டும், முழங்கால் கெஞ்சும். முன்னால் 28 பல்லும் பின்னால் 32 பல்லும் உள்ள கியரில் அதே ஏற்றத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர்தான் நகரும். கால் நிமிடத்துக்கு 55 சுற்று இலகுவாகச் சுற்றும். செய்யும் வேலை ஒன்றேதான். ஒரு மூட்டை நெல்லை ஒரே தூக்காகத் தூக்குவதற்கும் மரக்கால் மரக்காலாக அளந்து ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் கியருக்காகவே வாழ்நாள் முழுதும் வாதாடியவர் பிரான்ஸ் நாட்டு பால் தெ விவி. 1853இல் பிறந்து 1930இல் மறைந்தவர். சேன்-எத்தியேன் என்ற ஊரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். அந்நாளில் பந்தயக்காரர்கள் கியர் என்பது கிழவர்களுக்கும் பெண்களுக்கும் உரியது என்று கேலி செய்தார்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்திலேயே கியர் மாற்றும் கருவி 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, களைக்கும் முன் ஓய்வெடு, வீம்புக்காக மிதிக்காதே என்பது அவர் உபதேசத்தின் சாரம். அறுபதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்கள் இந்த நான்கையும் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

கியர் வண்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நான் அன்று நான்கு இடத்தில் தள்ளினேன். பேத்தி ஓரிடத்திலும் தள்ளவில்லை என்பதை அவள் வற்புறுத்தலின் பேரில் இங்கே பதிவு செய்கிறேன்.

ரயிலில் பாறசாலை

திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அப்போது எனக்கு வயது 19. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கள் ஏலாவின் குறுக்கே மண் கொட்டிக் கரை உயர்த்தியதையும், விளையை வெட்டிப் பள்ளம் எடுத்ததையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மேட்டை வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் போட்டு இரண்டையும் சரிக்கட்டும் அந்த வித்தைதான் என்னை டிப்ளமா படிக்க வைத்தது, ரயில்வேக்கு அனுப்பியது.

திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை சுமார் 30 கிலோமீட்டர். நேமம் (இப்போது திருவனந்தபுரம் சவுத் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்), பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம் வழியாகப் பாசஞ்சர் ரயில் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் மேலே சொன்ன வெட்டுப் பள்ளத்தையும் மண் கரையையும் மாறி மாறிப் பார்த்தால், பின்னால் சைக்கிளில் சந்திக்கப் போகும் ஏற்ற இறக்கம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சைக்கிளை ரயிலில் கொண்டுபோவது பற்றி ஒரு வார்த்தை. நம் ரயில்வே விதிப்படி சைக்கிளைப் பயணிகள் பெட்டியில் ஏற்றக் கூடாது. லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில்தான் ஏற்ற வேண்டும். ஓரிரு நிமிடமே நிற்கும் சிறு நிலையங்களில் இது நடைமுறையில் சிரமம். பிரான்ஸில் பல பிராந்திய ரயில்களில் சைக்கிளைப் பெட்டிக்குள்ளேயே கொக்கியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். அவ்வளவு தூரம் போவானேன்? கொச்சி மெட்ரோவில் 2020 நவம்பரிலிருந்து சைக்கிளுடன் ஏற அனுமதி உண்டு. நம் பாசஞ்சர் வண்டிகளிலும் ஒரு பெட்டியின் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கினால் என்ன என்பது ஓய்வுபெற்ற ஒருவனின் தாழ்மையான கேள்வி.

அதுவரை வழி என்ன? மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை உறையில் போட்டுச் சாமானாக வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு நம் பழைய வழிதான் சிறந்தது: உறவு. பாறசாலையில் என் சித்தப்பா மகன் வீட்டில் இரண்டு சைக்கிள் இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு முன் சொல்லி, டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் பார்த்து வைக்கச் சொன்னேன். நம்மில் பலருக்கு அப்படி ஒரு சித்தப்பா மகனோ மாமா மகளோ அங்கே இருப்பார்கள். சைக்கிள் கேட்கிற சாக்கில் பேச்சு விட்டுப்போன உறவும் புதுப்பிக்கப்படும்.

எல்லையைத் தேடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு மகாதேவர் கோயில் பக்கமிருந்து புறப்பட்டோம். தேசிய நெடுஞ்சாலை 66 (நம் தலைமுறைக்கு அது என்றும் 47தான்) களியக்காவிளைக்கு நேராகப் போகிறது. அதில் போக வேண்டாம். லாரியும் பஸ்ஸும் நெருக்கும். அதேபோல் காரோடு வரை வந்திருக்கும் புதிய நான்குவழிச் சாலையும் சைக்கிளுக்கு உரியது அல்ல. உள்வழிகள் ஏராளம். ஒவ்வொரு முக்கிலும் ஒரு சாயாக்கடை, ஒவ்வொரு சாயாக்கடையிலும் வழி சொல்ல நான்கு பேர்.

பேத்தி எல்லைக்கோட்டைத் தேடிக்கொண்டே வந்தாள். கோடு தெரியவில்லை. ஒரு மரச்சீனித் தோட்டம், ஒரு சிறு கோயில், ஒரு ரப்பர் விளை. திடீரென்று ஒரு கடையின் பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்து. "தாத்தா, வந்தாச்சு!" என்று கத்தினாள். பத்தடி தள்ளி அடுத்த கடையில் மறுபடி மலையாளம். அதற்கடுத்ததில் இரண்டும். கடைக்காரர் எங்களிடம் தமிழில் விலை சொல்லிவிட்டு, உள்ளே பையனை மலையாளத்தில் அதட்டினார். "இவர் எந்த ஸ்டேட் தாத்தா?" என்று காதில் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அவளுக்கு அந்தக் கதையைச் சாயா குடித்துக்கொண்டே சொன்னேன். என் தாயார் 1954இல் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது இரண்டு ஊரும் திருவாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டுடன், அன்றைய சென்னை மாநிலத்துடன், சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. "அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் அடுத்த மாநிலத்துக்குப் போகிறேன் என்று அர்த்தமாயிற்று" என்று என் தாயார் கடைசி வரை சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் வாசலில் கால்வாய்

என் அக்கா தாயார் ஊரிலேயே முறைமாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவர். இப்போது தனியாக இருக்கிறார். நாங்கள் சைக்கிளை வாசலில் சாய்த்ததும் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"யாரு, தம்பியா? என்ன மக்கா, காரு ரிப்பேரா?" என்றார்.

அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகு அரைத்த கறியும் வந்தன. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க ஒரு மணி நேரமாயிற்று. காரில் வந்த நாட்களில் இருபது நிமிடத்துக்கு மேல் நாங்கள் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியில் வண்டி நிற்கிறது, டிரைவர் காத்திருக்கிறார், வழியில் நெரிசல் வரும் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சைக்கிளில் வந்தவனுக்கு ஓய்வு தேவை. அந்த ஓய்வுதான் உறவுக்குக் கிடைக்கும் நேரம்.

வீட்டுக்குக் கிழக்கே கால்வாய் ஒன்று இருக்கிறது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயின் தொடர்ச்சி. நெய்யாற்றில் அணை கட்டி 1958இல் திறந்தபோது, அதன் இடதுகரைக் கால்வாய் நெய்யாற்றின்கரை தாலுகாவைக் கடந்து விளவங்கோடு தாலுகாவுக்கும் பாயும்படி அமைத்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 9,200 ஏக்கர் இதை நம்பியிருந்தது. 2004ஆம் ஆண்டு முதல் அந்தத் தண்ணீர் எல்லை தாண்டவில்லை. நெய்யாறு தன் மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம்; கொடுத்துவந்த நீரை நிறுத்தக் கூடாது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போயிற்று.

இரு பக்கமும் உறவு உள்ள நான் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அக்கா வீட்டு ஏலாவில் நெல் போய் வாழை வந்து, வாழையும் போய் இன்று பாதி தரிசு. சிறு வயதில் நான் குதித்துக் குளித்த கால்வாய்க்குள் புதர் மண்டியிருக்கிறது. பேத்தி அதன் கரையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாள். "தாத்தா, ஏற்றமே இல்லை!" என்றாள். தண்ணீருக்காக அளந்து வெட்டிய சரிவு அல்லவா? இருக்காது. பிரான்ஸில் 1681இல் திறந்த மிதி கால்வாயின் கரையில் இன்று உலகமே சைக்கிள் மிதிக்கிறது. கால்வாயிலும் தண்ணீர் இருக்கிறது. நம் கரையில் சில இடம் தார் போட்ட தெருவாகவும், சில இடம் ஒற்றையடிப் பாதையாகவும், சில இடம் முள்ளாகவும் கிடக்கிறது. இரு மாநிலமும் என்றாவது ஒரு நாள் தண்ணீர்க் கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும். கரைப்பாதையையாவது அதுவரை அழியாமல் காக்கலாம்.

கொல்லங்கோடு, பொழியூர், பூவாறு

அக்கா வீட்டிலிருந்து தென்மேற்காகக் கொல்லங்கோடு நோக்கிப் போனோம். அங்குள்ள பத்திரகாளி கோயிலின் தூக்கத் திருவிழா பிரசித்தமானது. பங்குனியில், மீன பரணியன்று, நேர்ந்துகொண்ட குழந்தைகளைத் தூக்கக்காரர்கள் கையில் ஏந்தியபடி உயரத்தில் சுற்றி வருவார்கள். இரு மாநிலத்துக் குடும்பங்களும் அங்கே ஒன்றாக நிற்கும்.

அங்கிருந்து கடல் சுமார் 3 கிலோமீட்டர். பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில்தான் விபத்து என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். மூன்று ஆண்டுக்கு முன் இதேபோன்ற ஓர் இறக்கத்தில், எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கும்போது தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே நாலு அங்குலப் பள்ளம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. விழுந்து இடது தோள் எலும்பில் கீறல். ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சைக்கிளுக்குத் தடைச் சட்டம் பிறந்தது. அது நீங்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஆகவே இறக்கத்தில் இரு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டு, மெதுவாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற வீழ்வீர்கள். ஒதுங்குவதானால் வேகத்தைக் குறைத்த பிறகு ஒதுங்குங்கள்.

நீரோடிதான் தமிழ்நாட்டுக் கரையின் கடைசி ஊர். அதை ஒட்டிக் கேரளத்தின் பொழியூர். இரண்டும் மீனவர் கிராமங்கள். ஒரே கடல், ஒரே மணல், ஒரே கவலை. கவலை என்பது கடலரிப்பு. கரையோரச் சாலை சேதமாவது உண்டு என்பதால், அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நலம். தேவையானால் உச்சக்கடை வழியாக உள்ளே சுற்றிக்கொள்ளலாம். இங்கிருந்துதான் என் சிறு வயதில் சைக்கிள் கேரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி மீன்காரர் எங்கள் விளைக்கு வருவார். அவர் தினமும் மிதித்த அதே வழியை நாங்கள் ஒரு நாள் சுற்றுலா என்று சொல்லி மிதித்தோம். அவர் அந்த ஏற்றங்களைப் பாரத்தோடு, கியர் இல்லாமல் ஏறினார்.

பொழியூரிலிருந்து பூவாறு 3, 4 கிலோமீட்டர். நெய்யாறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவே மணல்திட்டு. இங்கே இன்னொரு பழைய கால்வாயும் இருக்கிறது. திருவாங்கூர் அரசு 1860களில் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க எண்ணி வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். ஏ.வி.எம். கால்வாய் என்றால் எல்லாருக்கும் தெரியும். எண்ணியபடி குமரி வரை அது முடியவில்லை. முடிந்த பகுதியும் பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பூவாறு முதல் இரையுமன்துறை வரையிலான பகுதியைத் தேசிய நீர்வழி 13 என்று அறிவித்திருக்கிறது. பெயர் வந்துவிட்டது, படகு வரவேண்டும்.

பூவாறிலிருந்து நெய்யாற்றின்கரை ரயில் நிலையம் சுமார் 10 கிலோமீட்டர். மொத்தப் பயணம், சுற்றும் விலகலும் சேர்த்து 35 கிலோமீட்டர். மிதித்த நேரம் மூன்றே கால் மணி. பேசியும் சாப்பிட்டும் கழிந்த நேரம் ஐந்து மணிக்கு மேல். சைக்கிள்களைச் சித்தப்பா மகன் தன் ஆட்டோக்கார நண்பருடன் வந்து ஏற்றிக்கொண்டு போனார். இதைச் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

வேறு இரண்டு வழிகள்

குழந்தைகளுக்கும் புதிதாக ஓட்டுபவர்களுக்கும்: நெய்யாற்றின்கரையில் இறங்கி, மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலாவைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் பார்த்துவிட்டு, நெய்யாற்றை ஒட்டி அருவிப்புறம் வரை போய்வரலாம். நாராயண குரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்த இடம். போக வர 10 கிலோமீட்டருக்குள்தான்.

கியர் வண்டியும் நல்ல முழங்காலும் உள்ளவர்களுக்கு: பாறசாலையிலிருந்து கிழக்கே காரக்கோணம், குன்னத்துகால் வழியாக வெள்ளறடை. மேற்குத் தொடர்ச்சி மலை கண்முன் எழும்பும். ரப்பர் நிழல் உண்டு. ஏற்றமும் தாராளமாக உண்டு.

சில குறிப்புகள்

காலம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நன்று. இரண்டு பருவமழையும் இப்பகுதியில் பெய்யும் என்பதால் ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பரைத் தவிர்க்கவும். பத்தரை மணிக்கு மேல் வெயில் கடுக்கும். அதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிட வேண்டும்.

வண்டி: சீட்டின் உயரம் மிக முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த சீட்டுதான். பஞ்சர் ஒட்டும் சாமான், சிறிய பம்ப், ஒரு மாற்று டியூப் கட்டாயம். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி தேவையில்லை என்றாலும், என் தோள் எலும்பை நினைத்து அணிந்துகொள்ளுங்கள்.

ஆகாரம்: தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். வழியில் கரிக்கு, போஞ்சி, மோர் கிடைக்கும். மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்து மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

உடல்நிலை: இருதயக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, முதலில் வீட்டருகில் ஒரு மாதம் 5, 10 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய பின்பே புறப்பட வேண்டும்.

பெண்கள்: ஓட்டத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் உட்பட ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள், சேலை கட்டியபடியே சைக்கிள் கற்றார்கள். நம் சகோதரிகளால் முடியாதா?

நிறைவாக

பெங்களூர் திரும்பும் முன் பேத்தி ஒரு தாளில் அன்றைய வழியை வரைந்தாள். ரயில் பாதை, ஏலாக்கள், விளைகள், வறண்ட கால்வாய், அக்கா வீடு, கடல். எல்லைக்கோட்டைப் போட வந்தவள் பென்சிலை நிறுத்தி யோசித்தாள். பிறகு தமிழ் எழுத்துப் பலகை பார்த்த இடத்தில் ஒரு சிறு புள்ளி வைத்தாள், மலையாளப் பலகை இருந்த இடத்தில் இன்னொரு புள்ளி. கோடு போடவில்லை. அந்தத் தாளை அக்காவிடம் கொடுத்தேன். தமிழில் தன் பெயர் எழுதியிருந்ததை அக்கா விரலால் தடவிப் பார்த்தார். அந்த நான்கு எழுத்தை எழுதப் பேத்தி முந்தைய நாள் இரவு என்னிடம் மூன்று முறை கேட்டுப் பழகினாள் என்பது அக்காவுக்குத் தெரியாது.

"அடுத்த தடவையும் சைக்கிள்லயே வா மக்கா. கார்ல வந்தா உடனே ஓடிருவிய" என்றார் அக்கா.

வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் சார்பில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து அருவிப்புறம் வரையிலாவது போய்வரலாமே என்பது என் விண்ணப்பம். விருப்பமுள்ள அன்பர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னைச் சந்தியுங்கள். பஞ்சர் ஒட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.